அசையும் வீடு, அசையாத பொருள்கள்

பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க, வானொலிக்கு வரும் நேயர்களின் குரல் பதிவுகளில் நியூசிலாந்தின் பெயர் அடிக்கடி கேட்கும். அதிலும் தென்தீவைக் கேம்பர்வேனில் சுற்றுவது பற்றித்தான் கேள்விகள் அதிகம். நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு அது. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் கூடவே வரும். தினமும் பெட்டி கட்டி ஹோட்டல் மாற வேண்டாம். காலையில் ஏரிக்கரையில் உப்புமா, இரவில் மலையடிவாரத்தில் சூடாக ரசம் சோறு. யாருக்குத்தான் ஆசை வராது?

எந்த ஊரில் தங்கலாம், எத்தனை நாள் வேண்டும் என்றெல்லாம் கேட்பவர்கள், “சமையல் பாத்திரத்தை எங்கே வைப்பது?” என்று மட்டும் கேட்பதில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் நகர்கிறது. உள்ளே இருக்கும் குக்கரும் தட்டும் அரிசிப் பையும் அதே வேகத்தில்தான் போகின்றன. சாலையில் ஆடு குறுக்கிட்டால் ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பார். வண்டி வேகம் குறையும், வார்ப் போட்டவர்கள் இருக்கையில் நிற்பார்கள். கட்டாத குக்கருக்கு மட்டும் பிரேக் கிடையாது. முன்னால் யார் தலை இருக்கிறது என்று அது பார்க்காது.

நாங்கள் ஆறு பேர் போனோம். நானும் கணவரும், எங்கள் இரண்டு பிள்ளைகள், மாமா, அத்தை. கிரைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்தவுடன் சமையலறையை அத்தை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கையெட்டும் உயரத்தில் மேல் அலமாரிகள் காலியாக இருந்தும், கனமான சாமான்களை எல்லாம் குனிந்து குனிந்து கீழேயே அடுக்கினார்.

“இடுப்பு வலிக்கப் போகுது அத்தை, மேல வைக்கலாமே?” என்றேன்.

“தோட்டத்துல இருந்து லாரியில வீடு மாறினப்போ ஆட்டுக்கல்ல எங்கம்மா எங்க வச்சாங்க தெரியுமா? கீழ, நட்ட நடுவுல. கனமானது காலுக்குக் கீழதாம்மா இருக்கணும்” என்றார்.

கேம்பர்வேன் நிறுவனங்கள் சொல்லும் விதியும் இதேதான். கனமான பொருள்கள் தரையை ஒட்டி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். மேல் அலமாரியில் ரொட்டி, பிஸ்கட், துண்டு, குளிர் உடை போன்ற லேசானவை மட்டும். பாரம் மேலே ஏறினால் வளைவில் வண்டி சாயும். அதோடு, மேசையை ஒட்டிப் பிள்ளைகள் உட்காரும் இருக்கைக்கு நேர்மேலே பெரும்பாலும் ஓர் அலமாரி இருக்கும். ஊறுகாய் போத்தலும் டின் மீனும் அங்கே போகவே கூடாது.

கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரிக்குச் சுமார் 230 கிலோமீட்டர். முதல் பாதி கேன்டர்பரி சமவெளி. சாலை கோடு போட்டதுபோல் நேராக ஓடும், எல்லாம் சரியாக அடுக்கியிருக்கிறோம் என்ற நம்பிக்கை வந்துவிடும். ஜெரால்டைன், ஃபேர்லி தாண்டி, பர்க்ஸ் கணவாய் ஏறும்போதுதான் அடுக்கியதற்குப் பரீட்சை. மறுநாள் குவீன்ஸ்டவுன் போகும் வழியில் 971 மீட்டர் உயரத்தில் லிண்டிஸ் கணவாய், அதன்பின் கவாராவ் பள்ளத்தாக்கின் வளைவுகள். நடுவில் வட்டச் சந்திப்புகளும் ஒரே வண்டி போகக்கூடிய பாலங்களும் வரும்.

அங்குள்ள சாலைகள் பலவும் தாரின்மேல் சிறுகற்களைப் பதித்துப் போட்டவை. டயர் சத்தம் அதிகம். காதில் ஹெட்ஃபோனோடு பிழைப்பவள் என்பதால் அந்த இரைச்சலுக்குள் மற்ற சத்தங்களைப் பிரித்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். ‘கிணிங்’ என்றால் கரண்டிப் பெட்டி, ஒரு துண்டைத் திணித்தால் அடங்கிவிடும். தட்டுகள் உரசினால் இடையில் காகிதத் தாள். ‘தொம்’ என்று கனமாக ஏதாவது நகர்ந்தால் அலட்சியம் வேண்டாம், ஒதுங்கக்கூடிய இடத்தில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். “நான் போய் மூடிட்டு வரேன்” என்று ஓடும் வண்டியில் யாரும் வாரைக் கழற்றி எழக் கூடாது. வார் அணிவது அங்கே சட்டம். பாட்டி தாத்தாவுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒமராமாவில் பெட்ரோல் நிலையத்தில் பக்கத்து வண்டிக் குடும்பம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. குளிர்பெட்டியின் பூட்டை அழுத்த மறந்திருக்கிறார்கள். ஒரே வளைவில் பாலும் ஒரு டஜன் முட்டையும் கீழே. “முட்டைதானே, போகட்டும்” என்று அந்தத் தந்தை சிரித்தார். பிள்ளையின் காலணி முழுக்க மஞ்சள் கரு. அதைப் பார்த்தபின் எங்கள் வண்டியில் யாரும் சோதனையைத் தவிர்க்கவில்லை.

புறப்படுமுன் ஆளுக்கொரு வேலை என்று பிரித்துக்கொண்டோம். இரண்டு நிமிடம்தான் ஆகும். எட்டு வயது மகனுக்கு அலமாரிப் பூட்டுகள்; ஒவ்வொன்றையும் அழுத்தி, இழுத்துப் பார்க்க வேண்டும். மகளுக்குச் சன்னல்களும் கூரைத் திறப்பும். அத்தைக்கு அடுப்பு, குளிர்பெட்டி, கழுவுத் தொட்டி. தொட்டிக்குள் ஒரு தம்ளர்கூட இருக்கக் கூடாது. மாமாவுக்கு வெளி வேலை: எரிவாயுச் சிலிண்டரின் வால்வை மூடுவது, மின்கம்பியைக் கழற்றுவது, படியை மடக்குவது. ஒவ்வொருவரும் வேலையை முடித்து “ஆச்சு” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கணவர் சாவியைத் திருப்புவார்.

பொருள்களைக் குறைத்தாலே பாதி வேலை குறையும். கண்ணாடிப் போத்தலுக்குப் பதில் திருகுமூடிப் பிளாஸ்டிக் டப்பா போதும். வழுக்காத ரப்பர் விரிப்பை அலமாரிக்குள் போட்டால் தட்டுகள் நகராது. ரைஸ் குக்கர் வேண்டும் என்பவர்கள், மின் இணைப்புள்ள முகாம் இடத்தில்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்பதை நினைவில் வையுங்கள். இங்கிருந்து கொண்டுபோகும் மசாலாப் பொடி உட்பட எல்லா உணவுப் பொருளையும் நுழைவுப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கலாம்.

நடைபாதை தொடங்கும் இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் நடப்போம். அலமாரிப் பூட்டு வளைவுக்குத்தான் காவல், திருடனுக்கு அல்ல. கடப்பிதழ், பணம், மடிக்கணினி ஆகியவை உங்களோடு வரட்டும். மற்றவற்றைக் கண்ணில் படாமல் வைத்துத் திரையை இழுத்து விடுங்கள்.

டெக்காப்போவில் இரவு வானத்தைப் பார்க்கவே உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்திப் பாதுகாக்கும் பகுதி அது. வண்டி நின்றதும் பிள்ளைகள் கீழே குதித்து ஓடத் துடிப்பார்கள், ஓடட்டும். நீங்கள் தேநீர் போட மேல் அலமாரியைத் திறக்கும்போது மட்டும் ஒரு கையைக் கதவின்மேல் வைத்து, மெல்லத் திறந்து பாருங்கள். வழியில் இடம் மாறிய டப்பா ஏதாவது கதவில் சாய்ந்துகொண்டு உங்களுக்காகக் காத்திருக்கலாம்.