எது முந்தி வந்தது?

மெனிக் பாம் முகாமில் விடியற்காலை தண்ணீர் வரிசையில்தான் தொடங்கும். செட்டிகுளத்துக் காட்டை அழித்து வெளியாக்கிய செம்மண் நிலம். அதன்மேல் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைத் தறப்பாள் கூடாரங்கள், சுற்றிவர முட்கம்பி. 2009 மே மாத முடிவில் வன்னிப் போருக்குள்ளிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப்பட்ட முகாம்களுக்குள் இருந்தோம். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். நான் கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். எழுதப் படிக்கத் தெரியும், சனத்தோடு கதைக்கத் தெரியும் என்பதால் முகாமுக்கு வந்த மனநல வைத்தியருக்கு உதவியாக இருக்கச் சொன்னார்கள். ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு கொப்பி. கிளினிக் என்பது அவ்வளவுதான்.

அந்த அக்காவை அங்கேதான் முதலில் கண்டேன். நாற்பது வயதிருக்கும். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. இரண்டு புருவங்களுக்கும் நடுவே ஆழமாக ஒரு மடிப்பு. அது நித்திரையிலும் அவிழவில்லை என்று பிறகு அவருடைய மகள் சொன்னாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே இருந்தார். நான் கிட்டப் போனதும் கையை நீட்டித் தடுத்தார்.

"பக்கத்தில வராத பிள்ளை. நான் மணப்பன்."

வியர்வையும் புழுதியும் கலந்த வாசனை எங்கள் எல்லோரிலும் இருந்தது. அவர் சொன்னது அதை அல்ல. தன் குடல் அழுகிவிட்டது, வயிறு என்று ஒன்று தனக்கு இல்லை, தான் செத்து இரண்டு மாதம் என்றார். "செத்தவளுக்கு ஏன் சோறு? அதைப் பிள்ளையளுக்குக் குடுங்கோ." ஒரு குரல் இரவு பகலாகத் தன்னை ஏசுவதாகவும் சொன்னார். "நீ விட்டிட்டு வந்தனி, நீதான் விட்டிட்டு வந்தனி" என்று அது திரும்பத் திரும்பச் சொல்லுமாம். இதையெல்லாம் மிக மெதுவாகச் சொன்னார். ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையில் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை அழுது ஓய்ந்துவிடும்.

அதே கிழமை ஒரு தாய் தன் மகனைக் கொண்டு வந்தார். இருபத்திரண்டு வயது, மெலிந்த பெடியன். தலையைச் சரித்து எதையோ கேட்டான், சிரித்தான், உடனே முகம் கல்லாகியது. இரண்டு பேர் தன்னைப் பற்றித் தங்களுக்குள் கதைக்கிறார்கள் என்றான். "இப்ப எழும்புறான், இப்ப தண்ணி குடிக்கிறான் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறாங்கள், அக்கா." தான் நினைப்பதெல்லாம் முகாம் ஒலிபெருக்கியில் வெளியே போகிறது என்றான். ஒலிபெருக்கி உண்மையாகவே நாள் முழுக்கக் கத்திக்கொண்டுதான் இருந்தது. தேடப்படுகிறவர்களின் பெயர்களும் நிவாரண அறிவிப்புகளும் அதில் மாறி மாறி வரும்.

கூடாரத்துச் சனத்துக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். "செல் சத்தத்தில விசராக்கிப் போட்டுது" என்பார்கள். இங்கே வருமுன் இருவரையும் பார்த்த ஒரு வைத்தியசாலையிலும் அப்படித்தான் நடந்திருந்தது. இரண்டு துண்டுகளிலும் மனச்சிதைவு என்ற ஒரே முடிவு, ஒரே குளிசை. காயக்காரர் தரையில் கிடந்த நாட்கள் அவை. ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிய காரியம். இரண்டு நிமிடத்தில் கேட்டால், இல்லாத குரல் கேட்கிறது, நடக்காததைச் சொல்கிறார் என்பது மட்டும்தான் காதில் விழும்.

எங்கள் வைத்தியர் அமைதியான மனிதர். கொப்பியை மூடிவைத்துவிட்டுத்தான் கதைப்பார். குரல் என்ன சொல்கிறது என்பதை எல்லோரும் கேட்பார்கள், அது எப்போது வந்தது, அதற்கு முதல் என்ன வந்தது என்று நீர் கேளும் என்று எனக்குச் சொல்லித் தந்தார். மனச்சிதைவில் குரலும் சந்தேகமும் தம்பாட்டில் வரும், கவலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை நீடிக்கும். கடும் மனச்சோர்வு முற்றி மனம் பிறழும்போது முதலில் நித்திரை போகும், பசி போகும், பேச்சும் நடையும் மந்தமாகும். அந்தச் சோர்வு அடிமட்டத்துக்குப் போனபிறகுதான் குரல் வரும். வருகிற குரலும் அந்தச் சோர்வின் பாசையிலேயே கதைக்கும்: நீ பாவி, நீ அழுகியவள், உன்னிடம் ஒன்றுமில்லை. அது அந்த அக்காவை நேரே பார்த்து ஏசியது. அந்தப் பெடியன் தம்பிக்குக் கேட்டது அப்படி இல்லை. இருவர் அவனைப் படர்க்கையில் வைத்துக் கதைத்தார்கள், அவன் நினைவு அவனுக்குள் நிற்காமல் வெளியே கசிந்தது. இந்த இரண்டையும் குர்ட் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய மருத்துவர் மனச்சிதைவின் முதல்தர அறிகுறிகளில் வைத்தார் என்று பின்னாளில் படித்தேன். அவை மட்டுமே போதுமான சாட்சி ஆகாது, வேறு நோய்களிலும் சிலவேளை வரும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

அந்த அக்கா சொன்னதுபோல் சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி 1880இல் பாரிஸில் ஜூல்ஸ் கோட்டார் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். மூளை இல்லை, குடல் இல்லை, சாப்பாடு தேவையில்லை என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெண் பட்டினியால் இறந்துபோனாள். இதைச் சொன்ன அன்று வைத்தியர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். அவசரம் என்னவென்று எனக்கு விளங்கியது.

ஆனால் முகாமுக்குள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை வெளியில் இருந்தவர்கள் அறியமாட்டார்கள். தன்னைக் கவனிக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் அது நோயா? எங்கள் எல்லோரையும் கவனித்தார்கள். பெடியன்களையும் பெட்டைகளையும் விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். அதற்கு முதல் வன்னிக்குள் கட்டாய ஆட்சேர்ப்பான பிள்ளைபிடிக்குப் பயந்து இதே பிள்ளைகளைத் தாய்மார் பங்கருக்குள் மாதக்கணக்கில் ஒளித்துவைத்தார்கள். விட்டுவிட்டு வந்தேன் என்று ஒரு தாய் சொன்னால் அது பிறழ்ந்த நம்பிக்கையா? வழிநெடுக விட்டுவிட்டுத்தான் வந்தோம். இறந்த பிள்ளை "அம்மா" என்று கூப்பிடுவது இரவில் கேட்கிறது என்று சொன்ன தாய்மார் எத்தனையோ பேர். அது நோய் அல்ல, துக்கம் என்று வைத்தியர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். அந்த அக்காவுக்குக் கேட்ட குரலையும் அவர்களுக்குக் கேட்ட குரலையும் பிரிக்கவேண்டுமென்றால், அவரை முன்பு அறிந்த ஒருவர் வேண்டும். கணவரை ஓமந்தைச் சோதனைச்சாவடியில் தனியே கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்துப் பாயில் படுத்தவர்கள் புதியவர்கள். ஒன்பது வயது மகள் மட்டும் கூட இருந்தாள். ஒரு கோப்பைக் கஞ்சியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து தாயின் முன்னால் இருப்பாள். "பின்னேரம் எண்டால் ரெண்டு வாய் குடிப்பா, காலமை ஒண்டும் இல்லை" என்றாள். அந்தச் சிறுமியின் வாய்ச்சொல்தான் முதல் துப்பு. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுவதும், காலையில் மிக மோசமாகிப் பொழுது சாயச் சற்று இளகுவதும் கடும் மனச்சோர்வின் போக்கு.

ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக விடமாட்டார்கள். அக்காவின் ஊரவர் ஒருவர் அடுத்த வலயத்தில் இருப்பதாக அறிந்து, கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக நின்று கதைத்தோம். அறுபது வயது அம்மா. வேலியைப் பிடித்த விரல்கள் நடுங்கின. அவர் சொன்னதை இன்றுவரை ஒரு சொல்லும் மறக்கவில்லை.

வலைஞர்மடத்தில் பங்குனிக் கடைசியில் செல் விழுந்தது, பதினாலு வயது மகன் தண்ணிக்குப் போனவன் திரும்பவில்லை, போய்த் தூக்கினார்கள், அடுத்தது விழுந்தது, மணலைக் கையால் தோண்டிப் புதைத்தார்கள், மேலே ஒரு சேலைத்துண்டு, அவ்வளவுதான், ஓடு என்றார்கள், ஓடினார்கள், ஏப்ரல் 20 மாத்தளனில் மண்ணணை உடைந்தது, ஒரு இலட்சம் சனம் நீரேரியைத் தாண்டியது, நெஞ்சளவு தண்ணீர், தலையில் பிள்ளை, பின்னால் சூடு, திரும்பிப் பார்க்காதே என்று யாரோ கத்தினார்கள். நானும் அந்தத் தண்ணீருக்குள்தான் நின்றேன்.

"மகன் போன பிறகும் மற்றப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சினவ" என்றார் அந்த அம்மா. "இஞ்சால வந்து ரெண்டு கிழமையால நித்திரை இல்லை. தலை இழுக்கமாட்டா. என்னால மகனைக் காப்பாத்தேலாமப் போச்சு எண்டு அழுதவ. பிறகு அழுகையும் நிண்டிட்டுது. பிறகுதான், மாத்தளனில செத்த சனமெல்லாம் தன்ர பாவத்தால செத்ததெண்டு சொல்லத் துவங்கினா." கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். மகள் பிறந்த கையோடு இதே அக்கா மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவராம். பிறகு ஒரு குறையுமில்லாமல் எழும்பி மீன் கருவாடு போட்டு விற்றவராம்.

மகனைக் காப்பாற்ற முடியவில்லை என்பது தாயின் துயரம். எல்லாச் சாவும் என் பாவம் என்பது நோய். இரண்டுக்கும் இடையில் சில கிழமைகள்தான் இருந்தன. அந்தக் கிழமைகளைப் பார்த்திருந்த கிழவி ஒருவர் உயிரோடு தப்பியதால்தான் அக்காவின் துண்டில் எழுதியிருந்த நோய் மாறியது.

தம்பியின் கதையும் அவன் தாய் மெல்ல மெல்லச் சொல்லத்தான் வந்தது. சண்டை இறுகுமுன், 2007இலேயே அவன் உயர்தர வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருந்தான். நண்பர்களை விட்டான், குளிக்கமாட்டான், அறைக்குள் இருந்து தனியாகச் சிரித்தான். பிள்ளைபிடிக்குப் பயந்து இப்படி இருக்கிறான் என்று வீட்டார் நினைத்தார்கள். போர் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிக்கொடுத்துவிட்டது. அதனாலேயே அவன் நோய் இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

அக்காவுக்குப் பிறழ்வைத் தணிக்கும் குளிசையோடு மனச்சோர்வுக்கான மருந்தும் சேர்த்தார்கள். இரண்டும் சேரவேண்டும், ஒன்று மட்டும் போதாது. அதே 2009இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 259 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு வெளியானது. ஒலன்சபினோடு செர்ட்ரலினும் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறத்தாழ 42 சதவீதத்தினர் பன்னிரண்டு கிழமையில் நலமடைந்தார்கள். ஒலன்சபின் மட்டும் பெற்றவர்களில் 24 சதவீதம்தான். ஆனால் எங்கள் அக்காவுக்குப் பன்னிரண்டு கிழமை இருக்கவில்லை. தண்ணீரும் இறங்கவில்லை. வெளியூர்ப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி மின்வலிப்புச் சிகிச்சை கொடுக்கவேண்டும் என்றார் வைத்தியர். கரண்ட் என்றதும் சனம் பயந்தது. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், இந்த வகை நோய்க்கு அதைப்போல் விரைவாகக் கேட்பது வேறில்லை என்று அவர் ஒவ்வொருவராக விளக்கினார். யார் கையெழுத்து வைப்பது, யார் வெளியே போக அனுமதி தருவது என்பதற்கே நாட்கள் போயின.

திரும்பி வந்தபோது புருவ மடிப்பு இல்லை. பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். "சீனி காணாது" என்றார். பிறகு மகனின் பெயரைச் சொல்லி அழுதார். அன்று இரவெல்லாம் அழுதார், அடுத்த நாளும் அழுதார். மகள் பயந்துபோய் என்னைக் கூப்பிட ஓடிவந்தாள். வைத்தியர் கேட்டுவிட்டு, அழட்டும் என்றார். அழுகை நின்ற நாளிலிருந்து அந்த நோய் அவரை அழவே விடவில்லை.

தம்பியின் குரல்கள் சில கிழமைகளில் தூரப் போயின. ஆனால் முகம் பழையபடி திரும்பவில்லை. "இவனுக்கும் கவலையோ டொக்டர், அந்த மனிசிக்குக் குடுத்த மருந்தைக் குடுங்கோவன்" என்று தாய் கேட்டார். கவலை என்றால் உள்ளே வலி இருக்கும், இவனுக்கு வலிக்கவில்லை, ஆசைதான் வற்றிவிட்டது என்று வைத்தியர் சொன்னதைத் தாய் ஏற்றுக்கொள்ள வெகுகாலம் எடுத்தது. இப்போது கண்டாவளைப் பக்கம் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஊசி. மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைப்பான், என்னைக் கண்டால் "அக்கா" என்று தலையசைப்பான். நான் இன்றும் கிளினிக் நாட்களில் போய்க் கொப்பியோடு நிற்கிறேன். எல்லோருக்கும் இப்படித் தெளிவாகப் பிரிந்துவிடாது. மனச்சோர்வு என்று தொடங்கியது வருடங்கள் போனபின் இருமுனை நோயாகவோ மனச்சிதைவாகவோ காட்டிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். ஆகவே ஒருமுறை எழுதியதை மீண்டும் மீண்டும் திறந்து பார்க்கவேண்டும். நலமானதும் குளிசையைச் சட்டென்று விடக்கூடாது என்று அக்காவோடு இப்போதும் வாதாடுகிறேன்.

யாருமே அறியாத ஒருவரும் இருந்தார். கடற்கரை ஊர் என்று கைத்தழும்புகளில் தெரிந்தது, வயது அறுபதுக்கு மேல். கதைக்கமாட்டார், வானத்தைப் பார்ப்பார், சிலவேளை உதடு அசையும். அது செபமா, பதிலா, சோர்வா? அவர் துண்டில் வைத்தியர் இரண்டு நோய்களையும் எழுதி இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்க ஒருவரும் கிடைக்கவில்லை. ஒலிபெருக்கியிலும் கூப்பிட்டுப் பார்த்தோம். முகாம் 2012 செப்டம்பரில் மூடுமுன்னரே அவரைத் தெற்கே ஒரு வைத்தியசாலைக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே தமிழ் பேசுவோர் குறைவு. வலது காதின் கீழே பழைய வெட்டுக்காயம் ஒன்று, கையில் வலை பின்னிய தழும்புகள். அவரை அறிந்தவர் எவரேனும் இருந்தால் நான் இன்னும் கேட்கவேண்டியவை இவைதான்: சண்டைக்கு முதல் அவர் சிரித்துப் பேசும் மனிதரா, தனியே கதைப்பாரா, எந்த மாதத்தில் நித்திரை போனது, சோற்றை விட்டது பேச்சை விடுவதற்கு முந்தியா பிந்தியா.