தராசைப் பார்த்தீர்களா?

இலக்கியம் பேசும் இடத்தில் கார் எஞ்சினைப் பற்றி எழுதுவதா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். எண்களின் பட்டியலையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பதே எங்கள் சமாதானம். முன்முடிவோடு வாசிப்பவனுக்கு அங்கும் அவன் தேடியதுதான் கிடைக்கும். ஆனால் கவிதையைத் தவறாக வாசித்தால் பிஸ்டன் உருகுவதில்லை.

நாங்கள் மூவர், ஒருவர் விருதுநகர், இருவர் சிவகாசி. கைமாறிக் கைமாறி வந்த 2005ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஒன்றை 2017இல் பங்கு போட்டு வாங்கினோம். 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ, 150 குதிரைசக்தி. மூன்று வீடுகளிலும் எங்களுக்குக் கிடைத்த வசவுகளை இங்கே பதிவு செய்யத் தேவையில்லை. வண்டி சாதாரணமாக நன்றாகவே ஓடியது. மிதியை முழுக்க அழுத்தினால் மட்டும் நாலாயிரம் சுழற்சிக்கு மேல் சோர்ந்துபோகும். உள்ளிருந்து டப்பாவில் சில்லறையைக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். நாக்கிங். பெட்ரோலும் காற்றும் நேரம் தப்பித் தாமாகவே வெடிக்கும் சத்தம் அது.

எஞ்சின் கணினியோடு மடிக்கணினியை இணைத்து, ஓடும்போதே அதன் கணக்குகளைப் பதிவு செய்யலாம். விருதுநகர் – சாத்தூர் நாற்கரச் சாலையில், ஆர்.ஆர். நகரைத் தாண்டி, விடியுமுன் ஒருவர் ஓட்ட ஒருவர் பதிவு செய்ய, இரண்டாம் கியரிலேயே ஆறாயிரம் சுழற்சி வரை ஏற்றினோம். வேகம் தொண்ணூறை ஒட்டி நின்றுவிடும். பொதுச்சாலையில் செய்யக்கூடிய காரியமல்ல என்பது எங்களுக்கும் தெரியும். இதற்கென்றே இருக்கிற கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கோ போகும் வசதியும் பொறுமையும் அப்போது எங்களுக்கு இல்லை.

பதிவில் எங்கள் கண்ணை முதலில் பறித்தது ஒரு திருத்த எண். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. அதற்கேற்பக் கணினி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் விளைவைச் சரிபார்த்துத் திருப்பிச் சொல்கிறது. கணக்கு தவறியிருந்தால் கணினி தானே கூட்டிக் குறைத்துக்கொண்டு அந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். எங்கள் வண்டி 14 சதவிகிதம் கூட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் போதவில்லை!

டர்போ வண்டியில் இது விளையாட்டல்ல. காற்றைத் திணித்து ஓட்டும்போது பெட்ரோல் எரிபொருள் மட்டுமல்ல, குளிர்விப்பானும்கூட. ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் முழு அழுத்தத்தில் விகிதத்தைப் பன்னிரண்டை ஒட்டி வைப்பார்கள். குறைந்தால் சூடு, சூட்டால் நாக்கிங், நாக்கிங்கால் பிஸ்டன். நாங்கள் முடிவெடுத்துவிட்டோம்: கணினியின் எரிபொருள் அட்டவணையைத் திருத்தி எழுத வேண்டும். அதைச் செய்துதர மதுரையில் ஒருவர் ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கிக்கொண்டார். எங்களிடம் கேள்வியே கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

எங்களில் ஒருவரின் பக்கத்து வீட்டு அண்ணாச்சி பட்டாசு ஆலையில் நெடுங்காலம் போர்மேனாக இருந்தவர். மருந்துக் கலவை அறைதான் அவர் உலகம். அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காகிதங்களைப் பரப்பி விளக்கினோம். காற்று, பெட்ரோல், விகிதம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க மருந்துக்கு வெளிக்காத்து வேண்டாம் தம்பி. காத்து உப்புக்குள்ளயே இருக்கு. உங்களுக்கு வெளியிலேர்ந்து வரணும். அவ்வளவுதான் வித்தியாசம்." சற்று நேரம் காகிதத்தையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: "சரி, தராசைப் பாத்தீகளா?"

எங்களுக்குப் புரியவில்லை. இடது முழங்கைக்குக் கீழே சுருங்கிப் பளபளக்கும் தோலைத் தடவியபடி அவரே சொன்னார். ஒருமுறை புஸ்வாணம் சரியாக வரவில்லை. உப்பு மட்டம் என்று மூன்று நாள் உப்பையே மாற்றி மாற்றிக் கலந்தார்கள். எடைக்கல் வைக்கும் தட்டின் அடியில் பசை வழிந்து காய்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. "பொடி கூடக்கூட விழுந்திருக்கு. நாங்க உப்பைத் திட்டிக்கிட்டு இருந்தோம். எனக்குக் கை. பக்கத்துல நின்னவனுக்குக் கண்ணு." அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்றிரவு பதிவுகளை மறுபடி பிரித்தோம். வெட்கத்தோடு எழுதுகிறோம், விடை முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. குதிரைசக்தி ஒன்றுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 0.8 கிராம் காற்று என்பது தோராயக் கணக்கு. 150க்கு 120 கிராம் வர வேண்டும். எங்கள் பதிவில் 97. அதை நாங்கள் பார்க்காமல் இல்லை. பழைய வண்டி, டர்போ தளர்ந்திருக்கும் என்று கடந்துபோயிருந்தோம். ஆனால் பக்கத்து நிரலில், கணினி கேட்ட அழுத்தமும் டர்போ கொடுத்த அழுத்தமும் பிசகாமல் பொருந்தியிருந்தன. காற்று முழுதாக உள்ளே போகிறது. எண்ணுகிறவன்தான் குறைத்து எண்ணுகிறான். டர்போவுக்குப் பின் குழாயில் ஓட்டை என்றால் நேர்மாறாக இருந்திருக்கும்: எண்ணப்பட்ட காற்று வெளியே கசிந்து, பெட்ரோல் மிஞ்சியிருக்கும்.

மறுநாள் காற்று சென்சாரைக் கழற்றினோம். சூடேறிய மெல்லிய படலம் ஒன்றைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து அளக்கும் கருவி அது. முன்பிருந்த யாரோ ஒருவர் எண்ணெய் தடவிய பஞ்சு வடிகட்டி போட்டிருந்தார். அந்த எண்ணெய் படிந்து, அதன்மேல் நம் ஊர்த் தூசியும் படிந்து, படலம் போர்வை போர்த்தியிருந்தது. புதிய சென்சார் மாட்டினோம். 119 கிராம். ஒரு வார ஓட்டத்தில் திருத்தம் 3 சதவிகிதத்துக்கு இறங்கியது. சில்லறைச் சத்தம் நின்றது.

அட்டவணையைத் திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. 14 என்ற எண் மறைந்து பதிவு அழகாகியிருக்கும். ஆனால் காற்றைக் குறைவாக எண்ணும் கணினி, எஞ்சினுக்குச் சுமை குறைவு என்று நம்பித் தீப்பொறியையும் முன்கூட்டியே இட்டுக்கொண்டிருந்தது. அது அப்படியே தொடர்ந்திருக்கும். எங்களை எச்சரித்த ஒரே எண்ணை நாங்களே அழித்திருப்போம். முன்பணம் திரும்பி வரவில்லை, அது போகட்டும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. கைக்கணக்காக இருந்த கலவைகள் பல ஒரே நாளில் பயனற்றுப் போயின. புதிதாகப் படிக்க வயதில்லை என்று அண்ணாச்சி ஓய்வுபெற்றுவிட்டார்.

வண்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. சமீபத்தில் பதிவெடுத்தபோது திருத்தம் மறுபடி 9ஐத் தொட்டிருந்தது. இம்முறை பாடம் மறக்காமல் முதலில் தராசைப் பார்த்தோம். சென்சார் சுத்தம், காற்று 118. எரிபொருள் அழுத்தமும் சரி. கடைசியில்தான் பெட்ரோலையே யோசித்தோம். 2025க்குள் நாடெங்கும் 20 சதவிகித எத்தனால் கலப்பு வந்துவிட்டது. எத்தனால் மூலக்கூறில் ஆக்சிஜன் உண்டு. அது எரிய அதன் எடையைப்போல ஒன்பது மடங்கு காற்றே போதும். கலவையின் விகிதம் 13.5ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். கணினி செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னோம். காது சற்று மந்தம்; இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப உங்க சரக்குக்குள்ளயும் காத்து வந்துருச்சா?" என்று சிரித்தவர், "பழைய ரப்பர்க் குழாயெல்லாம் தாங்குமா தம்பி?" என்று கேட்டார்.

அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். இருபது வயது வண்டிக்கு எத்தனால் தாங்கும் குழாய் மதுரையில் கிடைக்கவில்லை. கோவையில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறோம்.