அறுபது லீற்றர் கடல்

"கடல் பக்கத்தில தானே கிடக்கு. அதை ஏன்டா வீட்டுக்குள்ள கொண்டு வாறாய்?"

அம்மா முதல் நாள் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். அன்புவழிபுரத்தில் எங்கட வீட்டிலிருந்து சைக்கிளை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கடற்கரை வந்துவிடும். திருகோணமலையில் கடல் வேணுமெண்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். ஆனால் ஏ.எல். எழுதிவிட்டு, கம்பஸ் எப்ப கூப்பிடும் எண்டு தெரியாமல் மாதக்கணக்காக வீட்டில் கிடந்தால் மனுசனுக்கு என்ன பைத்தியமும் பிடிக்கும். எனக்குப் பிடித்தது மீன்தொட்டிப் பைத்தியம். அதுவும் நன்னீர்த் தொட்டி இல்லை. யூடியூபில் பார்க்கிற மாதிரி நீல வெளிச்சம், முருகைக்கல், நடுவில் ஒரு நீமோ.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துச் சேர்த்த காசில் இரண்டு அடி நீளத் தொட்டி ஒன்று வாங்கினேன். மண்ணும் கல்லும் போக அறுபது லீற்றர் தண்ணீர் பிடிக்கும். ஒரு விடியற்காலை, உப்புவெளிக் கடற்கரையில் மூன்று இருபது லீற்றர் கேன்களை நிரப்பி, தெரிந்தவரின் ஓட்டோவில் ஏற்றி வந்து ஊற்றினேன். அன்று பின்னேரமே மீன் வாங்கப் போனேன்.

கடைக்காரர் கேட்டார், "தண்ணி வச்சு எத்தினை நாள், தம்பி?"

"ஒரு மாசம், அண்ணே."

அவர் நம்பினார். இரண்டு மீன் தந்தார். ஐந்தாம் நாள் இரண்டும் செத்துப் போயின.

அந்தப் பொய்யை இப்பவும் நினைத்தால் வெட்கமாக இருக்கும். ஏன் ஒரு மாதம் எண்டு அவர் கேட்டார் எண்டது செத்த பிறகுதான் விளங்கியது. மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து அமோனியா வரும். அது நஞ்சு. ஒரு வகை பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். அது ஓரளவு சேரும் வரைக்கும் மீன் தாங்கும், கிழமைக்கொருக்கா கொஞ்சத் தண்ணியை மாற்றிவிட்டால் போதும். இந்தப் பற்றீரியாக்கள் மண்ணிலும் கல்லிலும் பில்டரிலும் குடியேற நாலு தொடக்கம் ஆறு கிழமை பிடிக்கும். அதற்கு முதல் மீன் விட்டால், கக்கூஸ் இல்லாத வீட்டில் ஆட்களைப் பூட்டி வைத்த மாதிரி.

அதனால் இரண்டாம் தரம் மீனே இல்லாமல் தொடங்கினேன். அமோனியா உண்டாக வேணும் எண்டதற்காக ஒரு இறாலை வெறும் தொட்டிக்குள் போட்டு அழுக விட்டேன். இறால் விற்ற விலைக்கு அம்மா என்னைத் திட்டாத திட்டில்லை. "கறி வைக்கிற சாமானைத் தண்ணிக்குள்ள போட்டுப் பழுதாக்குறான், இவனைக் கம்பஸ் கெதியாக் கூப்பிட்டாக் காணும்" எண்டு வாறவை போறவைக்கெல்லாம் சொன்னா. ஐந்தாவது கிழமை சோதனைக் குழாயில் பச்சை நிறம் மறைந்து மஞ்சள் வந்தது. அமோனியா இல்லை. ஓ.எல். ரிசல்ட் வந்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோசப்படவில்லை.

கல்லும் நானே செய்ததுதான். சீமெந்து, மண், கரடுமுரடான உப்பு மூன்றையும் குழைத்து உருட்டிக் காயவிட்டு, பிறகு நல்ல தண்ணிக்குள் ஊறப்போட்டால் உப்புக் கரைந்து துளை துளையாக வரும். சீமெந்தின் காரம் போகும் வரைக்கும் ஒன்றரை மாதம் தண்ணியை மாற்றிக்கொண்டே இருக்க வேணும். நான் முதல் மீன் வாங்க முன்னமே அவற்றை ஊறப்போட்டிருந்தேன், அதுவரைக்கும் தொட்டியில் மண் மட்டும்தான்.

தண்ணியைப் பற்றிச் சொல்லித் தந்தது பெரியப்பா. அவர் ஒரு காலத்தில் கலர் மீன் பிடிக்கச் சுழியோடினவர். அந்தத் தொழில் அவருக்கு மிச்சம் வைத்தது கேட்காத ஒரு காது. "மாரியில தண்ணி அள்ளாத, மகன். வாடை தொடங்கினா மகாவலித் தண்ணியெல்லாம் கொட்டியாரக் குடாவுக்க வந்து விழும். உப்புக் குறையும், கலங்கலும் வரும்" என்றார். நான் புவியியல் படிக்கிறவன். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது எண்டு பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது என்ர வாளிக்குள்ளும் கலக்கும் எண்டு யோசித்ததில்லை.

இன்னொரு பிழையும் விட்டேன். சோளகக் காலத்து வெக்கையில் தொட்டித் தண்ணீர் நாளுக்கு ஒரு விரலளவு இறங்கியது. நான் கடல் தண்ணியை ஊற்றி நிரப்பினேன். நீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். உப்பளத்தில் நடக்கிற அதே வேலைதான். 1.025இல் இருக்க வேண்டிய உப்பின் அளவு இரண்டு கிழமையில் 1.029க்குப் போய்விட்டது. ஆவியாகிற தண்ணிக்கு நல்ல தண்ணிதான் ஊற்ற வேணும். அதுவும் குளோரின் போன தண்ணி.

வெப்பம் அடுத்த பிரச்சினை. முருகைக்கல் வளர்க்கிறவர்கள் 25, 26 பாகையில் தொட்டியை வைப்பார்கள். எங்கட வீட்டு சீற் கூரைக்குக் கீழே என்ர தொட்டி 31இல் நின்றது. தண்ணிக்கு மேலே சின்ன ஃபேன் ஒன்றைத் திருப்பி வைத்ததில் இரண்டு பாகை இறங்கியது. வீட்டில் எல்லாரும் வேர்த்துக்கொண்டிருக்க, மீனுக்கு மட்டும் ஃபேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன்.

தொட்டிக்கு மூன்று மாதம் ஆனபோது நண்பன் ஒருவன் வாளிக்குள் ஒரு சாமானைக் கொண்டு வந்தான். மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட உயிருள்ள முருகைக்கல். ஒரு சாண் இருக்கும். நுனியெல்லாம் இளநீலம். "எடுத்து வை மச்சான், உனக்கெண்டுதான்" என்றான். எங்கே எடுத்தது எண்டு நான் கேட்கவில்லை. கேட்டால் வாங்க முடியாது எண்டு எனக்குத் தெரியும். முருகைக்கல்லை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. தெரிந்துகொண்டே நடுக்கல்லில் வைத்தேன். இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் லைற்றை நூக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அதிலிருந்து சளி மாதிரி ஏதோ வடிந்தது. மூன்றாம் நாள் அடியிலிருந்து தோல் உரிந்து வெள்ளையாக வரத் தொடங்கியது. ஐந்தாம் நாள் வீடு முழுக்க நாற்றம்.

முருகைக்கல் கல்லில்லை. சின்னச் சின்ன பொலிப் உயிரிகள் சுண்ணாம்பில் கட்டின தொடர்வீடு அது. அவற்றின் உடம்புக்குள் சூசாந்தெல்லே எண்டு நுண்ணிய பாசி இருக்கும். வெளிச்சத்தில் உணவு சமைத்துக் குடுப்பதும், நிறத்தில் பெரும்பங்கைக் குடுப்பதும் அந்தப் பாசிதான். கோடைகாலத்து வழக்கமான உச்சத்தை விட ஒரு பாகை கூடி, சில கிழமை அப்படியே நின்றாலே போதும், பொலிப் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். அதைத்தான் வெளிறல் என்கிறோம். கடலே ஒரு பாகைக்குத் தாங்காத உயிரை, நான் 29இற்கும் 31இற்கும் இடையில் ஏறி இறங்கும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். கிளைவிடும் வகை நல்ல இடத்தில் வருடத்துக்குப் பத்து சென்றிமீற்றர் அளவில் வளரும். என்ர கையில் செத்தது ஏறக்குறைய இரண்டு வருட வளர்ச்சி.

பெரியப்பா வந்து பார்த்தார். பேசுவார் எண்டு நினைத்தேன். பேசவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு சொன்னார்:

"நான் உடைக்காத ஆள் எண்டு சொல்ல மாட்டன். அந்த நாளில மொக்சி வலையை முருகைக்கல்லுக்கு மேல போட்டு, மீன் வெளிக்கிட வேணுமெண்டு கிளையைக் குத்தி உடைச்சிருக்கிறம். பிறகு அதைத் தடை செஞ்சவை. எங்களுக்கு மீன் தான் காசு. கல்லை ஆர் பாத்தது?"

கொஞ்ச நேரம் கழித்து, "புறாமலைக்குப் போயிருக்கிறியா?" எண்டு கேட்டார்.

இல்லை. இருபது வருடம் திருகோணமலையில் இருந்தும் போனதில்லை. அது சுற்றுலாக்காரர் போகிற இடம் எண்டு ஒரு நினைப்பு.

நிலாவெளியிலிருந்து படகில் போனோம். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவானது. முகமூடியைப் போட்டுத் தலையைத் தண்ணிக்குள் விட்டதும் காதுக்குள் சின்னச் சின்ன வெடிச்சத்தம் கேட்டது, பொரியல் சட்டி மாதிரி. கீழே மான்கொம்புகள். சில இடத்தில் உடைந்து குவிந்த துண்டுகள். 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவைப் பக்கத்து முருகைக்கற்கள் வெளிறிச் செத்தபோது எங்கட பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பின ஒன்றுக்கு மேலே, கால் வலித்த ஒருவர் இளைப்பாற ஏறி நின்றுகொண்டிருந்தார். அவரைப் பேச எனக்கு வாய் வரவில்லை. நானும் வாளிக்குள் வாங்கினவன்தானே.

அதற்குப் பிறகு தொட்டிக்குள் முருகைக்கல் இல்லை. சீமெந்துக் கல்லில் தானாக வந்த ஊதா நிறப் பூச்சு, இரண்டு சங்கு நண்டு, ஒரு மீன். அதுவும் நீமோ இல்லை. படத்தில் வருகிற அந்தச் செம்மஞ்சள் மீன் எங்கட கடலில் இல்லை, அந்தமான் கடலும் அதற்குக் கிழக்கும்தான் அதன் ஊர். என்னிடம் இருப்பது கிளார்க்கி. கறுப்பு உடம்பு, மஞ்சள் செட்டை, வெள்ளைப் பட்டி. எங்கட கடலில் பிடிபடுகிற மீன். பெரிசானால் இன்னும் பெரிய தொட்டி கேட்கும்.

கம்பஸ் கூப்பிட்டது. நான் வந்தாறுமூலைக்குப் போனேன். தொட்டி அம்மாவின் தலையில் விழுந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முதல் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் வந்த வினை எண்டு அமைச்சரே சொன்னார். ஹொஸ்டலில் எல்லாரும் குரங்குப் பகிடி விட்டுக்கொண்டிருந்தோம். திடீரெண்டு தொட்டி ஞாபகம் வந்தது. பம்ப் நின்றால் ஒட்சிசன் குறையும். சூடான தண்ணியில் இன்னும் கெதியாகக் குறையும்.

"அம்மா, மீன்..."

"தெரியும். செம்பால கோரி உயரத்தில இருந்து ஊத்திக்கொண்டிருக்கிறன். நீ அண்டைக்கு அப்பிடித்தானே செஞ்சனி?"

நான் சொல்லிக் குடுத்ததே இல்லை. என்றோ ஒரு மின்வெட்டில் நான் செய்ததைக் குசினிக்குள் இருந்து பார்த்திருக்கிறா. கரண்ட் வரும் வரைக்கும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எழும்பி எழும்பி ஊற்றியிருக்கிறா. மீன் தப்பியது.

யாராவது தொடங்கப் போகிறீர்கள் எண்டால் சொல்கிறேன். முதல் ஆறு கிழமை மீன் வாங்காதீர்கள், கடைக்காரரிடம் பொய் சொல்லாதீர்கள். குறைகிற தண்ணிக்கு நல்ல தண்ணி ஊற்றுங்கள். வாளியில் யார் முருகைக்கல் கொண்டு வந்தாலும், எங்கே எடுத்தது எண்டு முதலில் கேளுங்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் குடுங்கள்.

இப்ப ஒவ்வொரு இரவும் அம்மா கோல் எடுக்கிறா. "இருபத்தெட்டரை" எண்டு முதலில் சொல்லுவா. அதற்குப் பிறகுதான், "சாப்பிட்டியா?"