பழைய ஜீப்பும் புதிய ஜீப்பும்

தியானப் பகுதி: எஸ்றா 3:10-13



இந்த வாரம் ஒரு ஜீப்பைப் பற்றியும், அதை வாங்கும் காரியத்தில் நான் கொடுத்த தவறான ஆலோசனையைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காப்பி அறுவடைக் காலத்தில் ஒண்டிக்கடைச் சந்திப்பில் சிறிது நேரம் நின்றிருந்தால், திறந்த ஜீப்புகள் நம் சேர்வராயன் மலைக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பது புரியும். பழம் பறிக்கும் சகோதரிகளும் காப்பி மூட்டைகளும் அவற்றில்தான் ஏறி வருகிறார்கள். நம் சபையைச் சேர்ந்த ஒரு தோட்டக் குடும்பத்தாரின் ஜீப், முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து ஓய்ந்துவிட்டது. அதன் இடத்தில் எதை வாங்குவது என்பதில் தகப்பனுக்கும் மகனுக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு வாரம் பேச்சில்லை.

இருவரும் விரும்பியது மகிந்திரா தார்தான். ஆனால் தலைமுறை வேறு. தகப்பனார் கேட்டது 2010இல் வெளிவந்த முதல் தார் வகை. நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருந்தது. மகன் கேட்டது 2020இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை.

தகப்பனாரின் நியாயத்தைக் கேளுங்கள். முதல் தார், பழைய ஜீப்பின் நேரடி வாரிசு. பின்புறம் பட்டை ஸ்பிரிங், மூட்டைகளைச் சுமக்கும். கான்வாஸ் கூரையைக் கழற்றிவிட்டால் வானம்தான் கூரை. பின்னால் எதிரெதிரே இரண்டு நீள இருக்கைகள். பழுதானால் நம் ஊர் மெக்கானிக்கே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். புதியதோ கணினியை நம்பி ஓடுவது. அது நின்றுவிட்டால் சேலத்துக்குத்தான் இறக்க வேண்டும் என்றார்.

மகனின் நியாயமும் சிறியதல்ல. புதிய தாரிலும் கூரையை மடக்கும் வகை வெளிவந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பும், செங்குத்தான ஏற்றத்துக்கான தாழ் கியரும் அதிலும் உண்டு. பின்புறம் சுருள் ஸ்பிரிங் இருப்பதால் குலுக்கல் குறைவு. முன்னால் இரண்டு காற்றுப்பைகள். திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ். பின்னிருக்கையில் முன்னோக்கி அமர்ந்து பெல்ட் போட்டுக்கொள்ளலாம். 2020இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில், பெரியவர் பாதுகாப்புக்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் பெற்ற வண்டி அது.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. உங்க பேச்சை அவன் தட்டமாட்டான்" என்றார் பெரியவர்.

நான் யோசிக்கவே இல்லை. "பழையதையே வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டேன். என் ஊழியத்தின் தொடக்கத்தில் மலைக் கிராமங்களுக்கு அத்தகைய ஜீப்பின் பின்பலகையில் அமர்ந்துதான் ஆராதனை நடத்தப் போனேன். பனியும் காப்பிப்பூ வாசமும் முகத்தில் மோத, பாடிக்கொண்டே போன நாட்கள் அவை. என் இளமைக்கு நானே ஓட்டுப் போட்டேன்; அதற்கு ஆலோசனை என்று பெயரிட்டேன். மகன் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க ஐயா" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின், அந்தக் குடும்பத்தின் ஓய்ந்துபோன ஜீப்பிலேயே என்னை வீட்டில் விட வந்தார்கள். பெரியவர் மெதுவாகத்தான் ஓட்டினார். பின்னால் நானும், நான்கு வயதுப் பேத்தியும், அவளுடைய தகப்பனும். ஒரு வளைவில் எதிரே பேருந்து வர, பெரியவர் பிரேக்கை மிதித்தார். பக்கவாட்டு இருக்கையில் இருந்த குழந்தை வழுக்கிக்கொண்டு திறந்த பின்புறத்தை நோக்கிப் போனாள். அவள் சட்டையைப் பற்றிய கை என்னுடையது. கர்த்தருடைய கிருபை, ஒன்றும் ஆகவில்லை. குழந்தை சிரித்தாள். யார்மேலும் குற்றமில்லை, அந்தக் காலத்து ஜீப்புகளின் அமைப்பே அதுதான். ஆனால் என் கை நடுக்கம் வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. மகன் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்றிரவு எஸ்றாவின் புத்தகத்தைத் திறந்தேன். கி.மு. 586இல் இடிக்கப்பட்ட ஆலயத்தின் இடத்தில், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் புதிய அஸ்திபாரம் போடப்படுகிறது. முதல் ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள். மற்றவர்கள் மகிழ்ச்சியால் ஆர்ப்பரிக்கிறார்கள். எது அழுகை, எது ஆனந்தம் என்று பிரித்தறிய முடியவில்லை. பல முறை பிரசங்கித்த பகுதிதான். ஆனால் ஒன்றை அன்றுதான் கவனித்தேன்: அழுதவர்களை வேதம் அங்கே கடிந்துகொள்ளவில்லை, அவர்களுடைய அழுகைக்காகக் கட்டடவேலையை நிறுத்தவும் இல்லை.

மறுநாள் போய் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் பெரியவர் மனம் திறந்தார். மகன் பிறந்த இரவில், மழையில், மனைவியை அந்தப் பழைய ஜீப்பில் படுக்கவைத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தாராம். அந்த அம்மையார் இன்று இல்லை. "இவனை உலகத்துக்குக் கொண்டுவந்த வண்டிங்க ஐயா அது" என்றார்.

மகன் வெகுநேரம் கழித்து, "எனக்கும் அப்படி ஒருத்தியைப் பத்திரமா கொண்டுபோகணும்ப்பா" என்றார்.

பிரியமானவர்களே, அந்த வீட்டில் இரண்டு வாரம் சண்டையிட்டது ஒரே அன்புதான். தகப்பன் அன்று மகனைக் காத்த வண்டியைப் பற்றிப் பேசினார். மகன் தன் மகளைக் காக்கப்போகும் வண்டியைப் பற்றிப் பேசினார். நான் இருவரையும் கேளாமல் வண்டிகளை மட்டும் ஒப்பிட்டேன்.

நம் சபையிலும் நான் இதையே செய்துவருகிறேனோ என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். வாலிபர் மாலை ஆராதனையைத் தங்கள் முறைப்படி நடத்த அனுமதி கேட்டு ஓராண்டு ஆகிறது. "பார்ப்போம்" என்றே சொல்லிவருகிறேன். என்னைச் சுமந்து வந்த பாடல்களுக்கும் ஒழுங்குகளுக்கும் நான் என்றும் நன்றியுள்ளவன். ஆனால் அந்த நன்றியைக் காரணம் காட்டி, பின்னே வருகிற பிள்ளைகளைப் பிடிமானமில்லாத இருக்கையில் அமர்த்த எனக்கு உரிமையில்லை. வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: முதியவர்கள் பழையதைப் புகழும்போது அவசரப்பட்டு நகைக்காதீர்கள். அந்தப் புகழ்ச்சிக்குள் உங்கள் பிறந்தநாள் இருக்கலாம்.

அவர்கள் புதியதையே வாங்கினார்கள். பெரியவருக்கு அது இன்னும் பிடிக்கவில்லை, ஓட்டுவதும் இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் பேத்தியின் பெல்ட்டை மாட்டிவிடுவது அவர்தான். மாட்டியபின் ஒருமுறை இழுத்தும் பார்க்கிறார்.

வாலிபர் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. "பார்ப்போம்" என்ற சொல்லை இம்முறை நான் எடுத்துச் செல்லப்போவதில்லை.

ஜெபம்: எங்கள் பிதாக்களைச் சுமந்துவந்த ஆண்டவரே, அவர்களுடைய கண்ணீரை மதிக்கவும், எங்கள் பிள்ளைகளுக்கு இடம் விடவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.