முப்பந்தல் காற்றும் உதறும் ஹேண்டில்பாரும்

திருநெல்வேலியில் இருந்து கன்னியாகுமரிக்கு பைக்கில் போகிறவர்களுக்கு நாங்குநேரி, வள்ளியூர் வரை பெரிய சிரமம் இருக்காது. பணகுடியை நெருங்கும்போது வலப்பக்கம் மலை கிட்டே வரும், காற்றாலைகள் வரிசைகட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே வீசுவதில்லை... தள்ளும். ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையின் வால்பகுதி இது. காஷ்மீரில் இருந்தே ஓட்டி வருகிறவர்களுக்கும் கடைசி நாள் பரீட்சை இங்கேதான்.

வலப்பக்கமாக ஒரு லாரி முந்தும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். அதுவரை காற்றை எதிர்த்துச் சாய்ந்தபடி வந்தவரை, வண்டி லாரிப் பக்கமாகவே இழுக்கும். லாரி கடந்ததும் மறுபடி ஓர் அறை. பின்சீட்டில் மனைவி, நடுவில் குழந்தை என்று வருகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் விநாடிகள்.

ஆனால், எல்லாப் பழியையும் காற்றின் மேல் போட முடியாது. காற்று தள்ளினால் வண்டி மொத்தமாக ஒரு பக்கம் நகரும். ஹேண்டில்பார் மட்டும் நொடிக்கு நாலைந்து தடவை, சில சமயம் அதற்கும் மேலே, இடமும் வலமுமாக உதறினால் அது வண்டியின் நோய். காற்றில்லாத நாங்குநேரிப் பக்கமே அது லேசாகத் தலைகாட்டியிருக்கும். ஓட்டியவர்தான் கவனித்திருக்க மாட்டார்.

இந்தப் பக்கத்து ஒர்க் ஷாப்களில் கேள்வி இப்படித்தான் தொடங்கும்: “அண்ணாச்சி, பின்னாடி என்ன பாரம் கட்டியிருக்கிய?” நியாயமான கேள்வி. பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும் பெட்டியும் பையும் முன்சக்கரத்தின் பிடிமானத்தைக் குறைத்துவிடும். கனமானதை டேங்க் பக்கமாக, தாழ்வாகக் கட்டினாலே பாதி உதறல் அடங்குவது உண்டு.

அடுத்தது டயர். காற்று அளவை டயர் சூடாவதற்கு முன், வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின்படி பார்க்க வேண்டும். இரண்டு பேர் போனால் பின்டயருக்குக் கூடுதல் அளவு அதிலேயே இருக்கும். டயரைக் கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், காற்றடித்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

முக்கியக் குற்றவாளி பெரும்பாலும் கோன் செட். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங் இது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்னால் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். இன்னொருவர் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் கோன் செட் லூஸ். பிறகு ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்ப வேண்டும். நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால், முறுக்கிப் பயனில்லை. புதுசு போட வேண்டும். லூஸ் மட்டும்தான் என்றால் டைட் வைத்தால் போதும். அதையும் ரொம்ப இறுக்கினால் டவுனுக்குள் மெதுவாகப் போகும்போது வண்டி நேராக நிற்காது. ஆட்டமே இல்லாமல், அதே சமயம் தொட்டுவிட்டால் ஹேண்டில் தன் எடையிலேயே பக்கவாட்டில் சாய வேண்டும். அதுதான் பக்குவம். சக்கரத்தைத் தூக்கிய கையோடு சுற்றிவிட்டு, ரிம்மில் கோணல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

ஓடும்போதே உதறினால்? பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதும், முன்பிரேக்கை அழுத்துவதும் நிலைமையை மோசமாக்கும். முழங்கால்களால் டேங்கைக் கவ்விக்கொண்டு, உடம்பைச் சற்று முன்னால் கொண்டுவந்து, ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறைக்க வேண்டும். வேகம் தணிந்ததும் ஓரம் கட்டலாம். கையை விட்டுச் சோதித்துப் பார்க்கும் சாகசம் இந்தச் சாலையில் வேண்டவே வேண்டாம்.

காவல்கிணறில் சாலை பிரிகிறது. நாகர்கோவில் பக்கம் திரும்புகிறவர்கள் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைக் கடந்துதான் ஆரல்வாய்மொழிக்குள் போக வேண்டும். அங்கே வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறவர்கள், பின்னால் கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, முன்டயரையும் ஒருமுறை தடவிவிட்டுக் கிளம்பலாம். கணவாய்க் காற்று அதற்கப்புறம்தான் நேருக்கு நேர் வரும்.