பின்னும் எர்த்தும்: அல்சூரில் ஒலிப்பதிவு இணைப்பு வேலை

மைக், வீணை, கீபோர்டு, மிக்சர் ஆகியவற்றிலிருந்து வரும் மின் அலையை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். கணினிப் பக்கம் ஒரே ஒரு யுஎஸ்பி ஒயர். அங்கே வேலை குறைவு. கருவிகள் வந்து சேரும் மறுபக்கத்தில்தான் தொழில் இருக்கிறது. பெங்களூரு அல்சூரில் இந்த வேலையைச் செய்யக் கண்டவர்கள் மைக் செட் தொழிலிலிருந்து வந்தவர்கள். கணினியைப் பிறகுதான் கற்றிருக்கிறார்கள். ஒயரை அதற்கு முன்பே அறிவார்கள்.

பதிவு செய்ய இந்தப் பகுதியில் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. சோமேஸ்வரர் கோயிலும் அதன் பூப்பல்லக்குத் திருவிழாவும் இருக்கின்றன. 1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அண்ணாசாமி முதலியார் சாலையில் இயங்குகிறது. இவை போக, வீட்டு அறையில் பாட்டுப் பதிந்து யூடியூபில் ஏற்றுபவர்கள். இத்தனை பேரின் கருவிகளும் ஒரே மாதிரி பின்னோடு வருவதில்லை. பின்னும் ஒயரும் வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறார்கள். கடையில் கேட்கும் பெயர்களும் தனி: 6.35 மில்லிமீட்டர் தடிமன் பின் ‘பி-38’, போனில் செருகும் 3.5 மில்லிமீட்டர் பின் ‘இ.பி.’, மூன்று கால் மைக் பின் ‘எக்ஸ்.எல்.ஆர்.’

பின் பொருந்தினால் இணைப்பு சரி என்று நினைப்பதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது. மைக் தருவது சில மில்லிவோல்ட். அதைப் பெரிதாக்கித்தான் எடுக்க வேண்டும். தொழில்முறை மிக்சரின் வெளியீடு ஏறத்தாழ 1.23 வோல்ட். வீட்டு ஒலிச் சாதனங்களின் வழக்கமான அளவு 0.3 வோல்ட்டுக்குச் சற்று மேல். மிக்சர் ஒயரை மைக் துளையில் செருகினால் ஒலி கிழிந்துவிடும். மைக்கை, மிக்சர் போன்றவற்றுக்கான லைன் துளையில் செருகினால் பாடகர் பக்கத்துத் தெருவில் நின்று பாடுவதுபோல் கேட்கும்.

கர்நாடக இசைக்காரர் வந்தால் முதலில் இணைப்பது சுருதிப் பெட்டியைத்தான். மின்னணுத் தம்புராவுக்குப் பெயர்பெற்ற ராடெல் நிறுவனமும் பெங்களூரைச் சேர்ந்ததே. அதைத் தொடங்கிய ஜி. ராஜ்நாராயண் பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். சுருதிக்குப் போனில் உள்ள செயலியைப் பயன்படுத்துவோரும் உண்டு. சிக்கல் அங்கேதான் வருகிறது. இரு முனையிலும் ஸ்டீரியோ பின் உள்ள ஒயரில் போனின் இடது ஒலி பின்னின் நுனியிலும், வலது ஒலி நடு வளையத்திலும் வரும். இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு துளையோ நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்துவிட்டு மிச்சத்தையே எடுத்துக்கொள்ளும். சுருதி இரு பக்கமும் ஒன்றாகவே ஒலிப்பதால் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய சூன்யம். ஹெட்போனில் கணீரென்று கேட்கும் தம்புரா, பதிவில் காணாமல் போகிறது. ஒயர் கெட்டுவிட்டது என்று புதிதாக அதே ஒயரை வாங்கி வருபவர்கள் உண்டு. தீர்வு, இடதையும் வலதையும் இரண்டு மோனோ பி-38 பின்களாகப் பிரிக்கும் ஒயர்.

அந்தக் கழித்தல் வேறிடத்தில் உதவுகிறது. எக்ஸ்.எல்.ஆர். ஒயரில் முதல் கால் ஒயரைச் சுற்றிய உறைக்கானது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒலி எதிரெதிராகப் போகும். வழியில் ஒட்டும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதால் கழித்தலில் அது மறைகிறது, ஒலி இரட்டிக்கிறது. நீளமான மைக் ஒயர் மேடை முழுக்க ஓடியும் சுத்தமாக இருப்பது இதனால்தான்.

வீணையில் ஒட்டும் பீசோ பிக்கப்புக்கு வேறு கவனம் தேவை. அதைச் சாதாரண லைன் துளையில் கொடுத்தால் மந்தர ஸ்தாயி சோகை பிடித்துவிடும். ஒரு மெகா ஓம் அளவுக்கு உள்ளீட்டு எதிர்ப்புள்ள ‘இன்ஸ்ட்ருமெண்ட்’ துளை வேண்டும். கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட் பாண்டம் பவரைத் தேவையற்ற இடத்தில் போட்டுவைப்பதும் நல்ல பழக்கமல்ல. பழைய ரிப்பன் மைக்குகள் தவறான ஒயரில் அதனால் பழுதாகலாம்.

ஹம் தனிக் கதை. மிக்சர் மேடைப் பக்கத்து பிளக்கிலும் லேப்டாப் வேறு பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் இடையிலான சிறு வித்தியாசம் ஒலி ஒயரின் உறை வழியே ஓடும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் எழும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. பிறகு எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவருவது; அதுவும் போதாவிட்டால் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். சிலர் பிளக்கின் எர்த் காலைக் கழற்றிவிடுகிறார்கள். உறுமல் நிற்கும், மைக்கைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும் வாய்ப்பும் வரும். இதைத் திறமை என்று சொல்லிக்கொள்வது அநியாயம்.

மேடை நிகழ்ச்சியைப் பதிய மிக்சரின் வெளியீட்டை மட்டும் எடுப்பது எளிய வழி. ஆனால் அது அரங்குக்காகக் கலந்த கலவை. தவில் தானே அரங்கை நிரப்பும் என்பதால் அதன் மைக்கைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். பதிவில் பாட்டு மட்டும் உரக்க நிற்கும். பார்வையாளர் பக்கம் இரண்டு மைக் வைத்துத் தனிச் சேனலில் சேர்த்தால்தான் சமன் கிடைக்கும்.

கணினிக்குள் செய்வது கொஞ்சம். 24 பிட்டில் பதிவதால் அளவை உச்சிக்குத் தள்ள வேண்டியதில்லை. உச்சத்துக்கு 12 முதல் 18 டெசிபல் கீழே நிறுத்துவது பாதுகாப்பு. ஒலியைக் கணினி கட்டங்கட்டமாகச் சேர்த்து எடுக்கும் பஃபர் 128 சாம்பிள் என்றால், 48 கிலோஹெர்ட்ஸில் அந்த ஒரு கட்டத் தாமதம் ஏறத்தாழ 2.7 மில்லிசெகண்ட், 1,024 என்றால் 21-ஐத் தாண்டும், ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுப் பாடுபவர் தடுமாறுவார். பதியும்போது குறைத்து, மிக்சிங் செய்யும்போது கூட்டிக்கொள்கிறார்கள். கணினி திணறினால் பெட்டியிலுள்ள டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போட்டுவிடலாம். ஒலி கணினிக்குப் போகாமலே காதுக்கு வரும்.

ஸ்விட்ச் போடும் வரிசையும் பழைய மைக் செட் முறைதான்: கருவிகள், இன்டர்ஃபேஸ், கடைசியில் ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில்.