ஊனை ஊடுருவும் ஒளி

மார்பில் தட்டுப்படும் கட்டியைப் பெற்ற தாய்க்கும் சொல்லாது மறைக்கும் பெண்கள் எம் படுவான்கரையில் பலர். நோகாத கட்டி நோயாகாது என்பது அவர்கள் நம்பிக்கை. மார்புப் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை.

இருட்டில் ரோச் லைற்றை உள்ளங்கையில் அழுத்தினால் கை சிவந்து ஒளிர்வதைச் சிறுவரும் அறிவர். 1929இல் அமெரிக்க மருத்துவர் மக்ஸ் கட்லர் இவ்வாறே மார்பினூடு விளக்கொளியைச் செலுத்தி நிழல் தேடினார். அம்முறை நம்பத்தக்கதாய் நிலைபெறவில்லை. இன்றைய ஆய்வாளர் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பு ஒளியைக் கையாளுகின்றனர். வளரும் புற்றுக்கட்டி புதுக் குருதிக் குழாய்களைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. ஒட்சிசன் ஏந்திய குருதியும் அதை இழந்த குருதியும் இவ்வொளியை வெவ்வேறளவில் உறிஞ்சும். வெளிவரும் ஒளியை அளந்து கட்டியின் இயல்பைக் கணிக்கலாம். எக்ஸ்-கதிரின் கேடு இதில் இல்லை. ஆயினும் ஒளி ஊனுக்குள் சிதறுவதால் படம் மங்கலாகிறது. மமோகிராமின் இடத்தை இது இன்னும் பெறவில்லை.

கருவி வரட்டும், வரவேற்போம். ஆனால், ஏற்கெனவே உள்ளது எம் பெண்களைச் சேர்ந்ததா? 1996 முதல் அரசின் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் மார்பைக் கையாற் சோதிக்கும் வசதி இலவசமாக உண்டு. மண்முனைத் துறையில் பாதைப் படகுக்குக் காத்துநின்ற காலமும் 2014இல் பாலம் திறந்ததோடு போயிற்று. ஒரு நாள் வயற்கூலியை இழக்க இயலாமையும் நாணமுமே இன்று வழிமறிக்கின்றன. கூலியோடு விடுப்புக் கேட்பது எம் எல்லோரதும் கடன். நாணத்தை அகற்றுவது ஆசிரியத் தோழர்களே, உங்கள் கடன். 'மார்பு' என்னும் சொல்லை வகுப்பறையிற் கூசாது சொல்லுங்கள். மாணவிகள் அதை வீட்டுக்குக் கொண்டுசெல்வர்.